தம்பி வாங்கும் இரண்டு கார்ட்டன்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "சிகரட்டையும் சாராயத்தையும் பற்றிப் பயணத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஏறாவூரிலிருந்து திருக்கோவில் வரை எழுதியிருக்கிறீர்கள். சுங்கத்தில் 31 வருடம் வேலை செய்தேன். அதில் பாதிக்கு மேல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்கு முன்னால் நின்றேன். இப்போது கல்லடியில் ஓய்வாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் தம்பி துபாயில் டிரைவராக இருக்கிறான். அடுத்த மாதம் லீவில் வருகிறான். மாமாவுக்கும் மச்சான்மாருக்கும் கொடுக்க எயார்போட் கடையில் 2 கார்ட்டன் சிகரட் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். 400 சிகரட் வரைக்கும் விடுவார்கள் என்று அவனுடைய அறையில் இருப்பவர்கள் சொல்கிறார்களாம். உண்மையா? — ஒரு சகோதரி, ஏறாவூர்

பதில்: தங்கச்சி, அவர்கள் சொல்லும் கணக்கு எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் அது துபாய்க்குள் போகிறவருக்கு அந்த நாடு கொடுக்கும் அளவு. உங்கள் தம்பி துபாயை விட்டு வெளியே வருகிறார். அவர் இறங்கப்போவது கட்டுநாயக்காவில். அங்கே இலங்கையின் கணக்குத்தான் செல்லும், இலங்கையில் சிகரட்டுக்கு வரிச்சலுகையே கிடையாது. ஒரு கார்ட்டன் என்றால் 10 பக்கெட், 200 சிகரட். கார்ட்டனை விடுங்கள், ஒரு பக்கெட்டுக்குக்கூடச் சலுகை இல்லை.

எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான் தடுமாறுகின்றன. 'டியூட்டி ஃப்ரீ' என்று பலகை போட்ட கடையில் காசு கொடுத்து வாங்கினோம், பில் இருக்கிறது, பிறகென்ன என்று நினைக்கிறோம். அந்தக் கடை இருக்கும் நாடு, "நீ இதை என் மண்ணில் பாவிக்கப் போவதில்லை, வெளியே கொண்டு போகிறாய்" என்று தன் வரியை விட்டுக்கொடுக்கிறது. அவ்வளவுதான். இறங்கும் நாடு தன் வரியை விட்டுக்கொடுக்கிறதா, எவ்வளவுக்கு விட்டுக்கொடுக்கிறது என்பது வேறு கதை. கடையில் நிற்கும் பிள்ளை உங்கள் போர்டிங் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விற்கும். அதற்காக நீங்கள் இறங்கும் நாட்டின் சட்டத்தையும் அது பார்த்துச் சொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஏன் இலங்கை சிகரட்டுக்கு இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இலங்கை 2003 இல் சேர்ந்தது. பயணிகள் வரியில்லாமல் சிகரட் கொண்டுவருவதைத் தடை செய்யலாம் அல்லது மட்டுப்படுத்தலாம் என்று அதன் 6ஆவது உறுப்புரையிலேயே இருக்கிறது. இங்கே விற்கும் பக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், 80 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருக்கும். தம்பி வாங்கும் பக்கெட்டில் அவ்வளவு பெரிய படம் இருக்காது. பளபளவென்று தங்க நிற விளிம்போடு இருக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகள் நிற்கும். எனக்கு அந்தக் கவலையும் உண்டு. மச்சான்மாருக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். அவர் கடை வாசலுக்குப் போன பிறகு சொல்லிப் பலனில்லை.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். முதல் தடவையாக லண்டனுக்கு மகனிடம் போகிறோம். தென்னஞ்சாராயம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். எத்தனை போத்தல் கொண்டு போகலாம்? கட்டாரில் விமானம் மாற வேண்டும். — களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: சேர், பிரித்தானியாவில் 2021 ஜனவரியிலிருந்து ஓர் ஆளுக்கு 4 லீற்றர் கடும் மதுபானம். அதாவது 22 சதவீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ளது, நம் சாராயம் அதற்குள் வரும். பியர் 42 லீற்றர், வைன் 18 லீற்றர் என்று தனிக்கணக்கு இருக்கிறது, உங்களுக்கு அது தேவைப்படாது.

நம் சாராயப் போத்தல் 750 மில்லிலீற்றர். ஐந்து போத்தல் 3.75 லீற்றர், சரி. ஆறு போத்தல் என்றால் நாலரை லீற்றர். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அரை லீற்றர்தானே கூட, அதற்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். அளவைத் தாண்டினால் ஆறு போத்தலுக்கும் சேர்த்துத்தான் வரி. ஆறாவது போத்தலால் முதல் ஐந்தின் சலுகையும் போய்விடும். ஒருவருடைய அளவை மற்றவருக்குக் கடன் கொடுக்கவும் முடியாது. ஆகவே உங்கள் பெட்டியில் ஐந்து, ரீச்சரின் பெட்டியில் ஐந்து. அதற்கு மேல் வேண்டாம்.

விமானத்துக்கென்றும் ஒரு சட்டம் உண்டு. 24 முதல் 70 சதவீதம் வரையான மதுபானம் ஆளுக்கு 5 லீற்றருக்கு மேல் ஏற்றக்கூடாது. 70க்கு மேல் அறவே கூடாது. கடையில் விற்ற மாதிரியே, மூடி திறக்காத போத்தலாக இருக்க வேண்டும். வீட்டில் வேறு போத்தலில் ஊற்றி, மூடிக்கு மெழுகு வைத்துக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது செல்லாது.

சாராயத்தைப் பெரிய பெட்டிக்குள் சாரத்தில் சுற்றி வைத்து, கட்டுநாயக்காவிலேயே லண்டன் வரைக்கும் புக் பண்ணிவிடுங்கள். கட்டாரில் விமானம் மட்டும் மாறுகிறீர்கள் என்றால் பெட்டி உங்கள் கைக்கு வராது, பிரச்சினை இல்லை. ஆனால் இடையில் ஒரு நாள் தங்கி ஊர் பார்க்கலாம் என்று பெட்டியோடு வெளியே வந்தீர்களோ, அந்த நாட்டுக்குள் பயணி மதுபானம் கொண்டுபோகவே கூடாது. சவூதி, குவைத் ஆகிய இடங்களிலும் அப்படித்தான். எயார்போட் கடையில் வாங்கிக் கையில் கொண்டுபோவதென்றால், ஒட்டிய பையைத் திறக்காமல், பில் உள்ளே தெரியும்படி வைத்திருங்கள். பையைத் திறந்தால் அது வெறும் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம், அடுத்த பாதுகாப்புச் சோதனையில் எடுத்து எறிந்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் களுவாஞ்சிகுடி என்பதால் சொல்கிறேன். எருமைத் தயிர்ச் சட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். இங்கிருந்து பாலுணவும் இறைச்சியும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள்.

கேள்வி: அம்மம்மா மெல்பேர்ணுக்கு மாமா வீட்டுக்குப் போகிறா. வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவவுக்கு ஒரு நேரமும் இருக்க ஏலாது. மூன்று மாதத்துக்குத் தேவையான புகையிலையைக் கட்டிக் கொடுக்கலாமா? — பேத்தி, திருக்கோவில்

பதில்: மகள், மூன்று மாதத்துக்குக் கட்டினால் மாமா எயார்போட்டில் பெரிய காசு கட்ட வேண்டி வரும். அவுஸ்திரேலியாவின் அளவு ஓர் ஆளுக்கு 25 கிராம் புகையிலை, சிகரட் என்றால் 25. அதோடு திறந்த பக்கெட் ஒன்று. 25 கிராம் எவ்வளவு என்று பார்க்க வீட்டிலேயே ஒரு புகையிலைத் துண்டை நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அங்கேயும் அளவைத் தாண்டினால் முழுவதற்கும் வரி, புகையிலை வரி மிகவும் கூடிய நாடு அது.

வெற்றிலையும் பாக்கும் செடிவகை. விமானத்தில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் செடி, உணவு, புகையிலை என்று கேட்கும் இடங்களில் 'ஆம்' என்று போடச் சொல்லுங்கள். 'ஆம்' என்று போட்டால் எடுத்துப் பார்ப்பார்கள், விடக்கூடியதை விடுவார்கள், மற்றதை எறிவார்கள். 'இல்லை' என்று போட்டுவிட்டுப் பைக்குள் வெற்றிலை அகப்பட்டால் தண்டம். அம்மம்மாவுக்கு எழுத்து வாசிக்கக் கஷ்டம் என்றால், அந்த அட்டையை நிரப்பப் பணிப்பெண்ணிடம் உதவி கேட்கும்படி ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்து விடுங்கள். தனியாகப் போகும் வயதானவர்கள் பயத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள், அதுதான் வினை.

கேள்வி: டிக்கெட் காசைத் தானே தருவதாகவும், வரும்போது ஒரு பையைக் கொண்டுவந்து வெளியே நிற்பவரிடம் கொடுத்தால் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார். சிகரட்தான், வேறொன்றும் இல்லை என்கிறார். போகலாமா? — கல்முனை இளைஞர்

பதில்: போகாதீர்கள் தம்பி.

ஒரு இரவு குவைத் விமானத்தில் படுவான்கரைப் பக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். நாலு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வருகிறார். அந்தப் பெரிய பூப்போட்ட போர்வை வருமே, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பையில், சிப் வைத்து? அதுபோல் இரண்டு. மேசையில் வைத்து நான் சிப்பைத் திறந்ததும் சவர்க்காரமும் பவுடரும் மணந்தன. போர்வையின் மடிப்புக்குள் நாலு பால்மா டின். ஒன்றை எடுத்தேன். கை சும்மா மேலே போய்விட்டது. இரண்டரைக் கிலோ டின் அப்படித் தூக்காது. மூடிக்கு அடியில் இருந்த தகரத்தை வட்டமாக வெட்டி, திரும்பவும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். உள்ளே பக்கெட் பக்கெட்டாகச் சிகரட், ஒன்றுக்கொன்று இடிபடாமல் ரிஷ்யூ வைத்து அடுக்கியிருந்தது.

அந்தப் பெண் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர், அது பால்மா. என்ட மகளுக்கு" என்றார். தகரத்தைத் திறந்து காட்டிய பிறகும் அதையேதான் சொன்னார். விமானம் ஏறும் நேரத்தில் ஒருவர் வந்து, "என் பெட்டி நிறை கூடிவிட்டது, இந்த நாலு டின்னையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை உங்கள் பிள்ளைக்கு எடுங்கள், மூன்றைக் கட்டுநாயக்காவில் என் தம்பி வாங்கிக்கொள்வான்" என்றாராம். தன் பெயரைக்கூடச் சொல்லவில்லையாம். வெளியே ஆள் அனுப்பிப் பார்த்தோம். தம்பியுமில்லை, ஒருவருமில்லை. அவருடைய மாமனாரும் ஏழு வயது மகளும்தான் வாடகை வேனோடு முதல் நாள் பின்னேரமே வந்து காத்திருந்தார்கள்.

வாக்குமூலத்தைத் தமிழில் நானே எழுதி, இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனையைத் தூக்கித் தூக்கி வைத்தார். சட்டத்தின் கண்ணில் அந்தப் பை அவருடையது. அவர் பெயரில் டிக்கெட், அவர் கையில் பை. 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டத்தில், 'யாரோ தந்தது' என்று சொல்லித் தப்பிக்க ஒரு கதவு இல்லை. சிகரட் பறிமுதல், மேலே தண்டம். நாலு வருடச் சம்பளத்திலிருந்து, கையில் கொண்டுவந்த காசிலிருந்து எண்ணிக் கட்டினார். விடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை வெளியே வேனுக்குள் தூங்கிப்போயிருந்தது.

உங்களிடம் பேசியவர் சிகரட் என்று சொல்கிறார். டின்னுக்குள், அட்டைக்குள் வேறு எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அது சிகரட்டாக இல்லாவிட்டால் தண்டத்தோடு முடியாது. டிக்கெட் காசு அவர் தருகிறார் என்றால் எதற்குத் தருகிறார்? பெட்டியை நீங்களே அடுக்குங்கள், நீங்களே பூட்டுங்கள். நெருங்கிய சொந்தம் ஒரு பொருள் தந்தாலும் அவர்களுக்கு முன்னாலேயே திறந்து பாருங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

கேள்வி: வைத்தியத்துக்காகச் சென்னை போகிறோம். இந்தியாவில் எவ்வளவு விடுவார்கள்? என் மகன் வேப் (மின்சிகரட்) பாவிப்பவன், அதைக் கொண்டு போகலாமா? — அக்கரைப்பற்று

பதில்: மதுபானம் 2 லீற்றர், சிகரட் 100, அதாவது அரைக் கார்ட்டன். வேப் வேண்டாம். இந்தியா 2019 இலிருந்து தடை செய்திருக்கிறது. சிங்கப்பூரிலும் தடை. சிங்கப்பூரில் சிகரட்டுக்கும் நம் நாட்டைப் போலவே சலுகை இல்லை.

கேள்வி: சுவிஸிலுள்ள அண்ணா வீட்டுக்குப் பிள்ளைகளோடு நாலு பேராகப் போகிறோம். பிள்ளைகளின் கணக்கையும் சேர்க்கலாமா? — ஆரையம்பதி

பதில்: சேர்க்க முடியாது. அங்கே 17 வயதாக வேண்டும், பிரித்தானியாவிலும் அதே வயதுதான். சுவிஸில் பெரியவர் ஒருவருக்கு 18 சதவீதத்துக்கு மேற்பட்டது ஒரு லீற்றர் மட்டும், வைன், பியர் போன்றவை 5 லீற்றர், சிகரட் 250. ஒரு லீற்றர் என்றால் சாராயம் ஒரு போத்தல்தான், இரண்டாவதற்கு இடமில்லை. அங்கிருந்து கனடாவுக்கும் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே 1.14 லீற்றர் சாராயம் அல்லது ஒன்றரை லீற்றர் வைன், இரண்டில் ஒன்று.

கேள்வி: பச்சை வழியால் போனால் பிடிக்கமாட்டார்கள், சிவப்பு வழியால் போனால் எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பார்கள் என்கிறார்கள். சிவப்பு வழியால் போக வெட்கமாகவும் இருக்கிறது. — வாழைச்சேனை

பதில்: பச்சை வழிக்குள் கால் வைத்தாலே "என்னிடம் அறிவிக்க ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொன்னதாகத்தான் அர்த்தம். வாய் திறக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பையில் ஒரு கார்ட்டன் அகப்பட்டால், மறைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதே கார்ட்டனைச் சிவப்பு வழியில் நீங்களே எடுத்து மேசையில் வைத்தால், நீங்கள் மறைக்கவில்லை. பொருள் போகலாம், வரி கட்டச் சொல்லலாம், ஆனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: தானாக வந்து காட்டுகிறவரை நாங்கள் ஒருபோதும் கள்ளனாகப் பார்த்ததில்லை.

நீளமாக ஒன்றும் பேச வேண்டாம். பையைத் திறக்க முன்பே, "சேர், இதுக்குள்ள சிகரட் இருக்கு, என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். விளங்கவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எழுதித் தரும் தாளை வாசித்துக் காட்டும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். காசு கட்டினால் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.