பட்டறைப் பதில்கள்: புது வண்டிதான், இருந்தாலும் கழற்றிப் பாருங்கள்

அண்ணா, 46 வயதில் ஆசைப்பட்டு ஒரு புது ட்ரயல்ஸ் பைக் வாங்கிவிட்டேன். 250 சிசி, டூ ஸ்ட்ரோக். வீட்டில் இன்னும் முழு விலையைச் சொல்லவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டியிருப்பேன். அதற்குள் பின்பக்கம் கிரீச் கிரீச்சென்று சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கியர் போட்டால் வண்டி தானாக முன்னால் பாய்கிறது. கிக்கர் போல்ட் ஒருமுறை கழன்றே விழுந்துவிட்டது. நான் ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், லீட்ஸ்

ஏமாறவில்லை. விலையை மட்டும் சீக்கிரம் வீட்டில் சொல்லிவிடுங்கள். உதிரிபாக பில் வந்த பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

இந்த வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ட்ரயல்ஸ் என்பது வேகப்போட்டி கிடையாது. பாறை, ஓடை, வேர் முண்டு என்று ஒரு குறுகலான பாதையைக் கயிறு கட்டிப் பிரித்திருப்பார்கள். காலைத் தரையில் ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ வெளியே போனாலோ 5. யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வென்றவர். நாள் முழுக்க நின்றபடிதான் ஓட்டுவோம், அதனால் வண்டிக்கு சீட்டே இருக்காது. எடை 70 கிலோவை ஒட்டியிருக்கும். டேங்கில் இரண்டு, மூன்று லிட்டர் பெட்ரோல்தான் பிடிக்கும். முன்பு கனமான நான்கு ஸ்ட்ரோக் பிரிட்டிஷ் வண்டிகள்தான் இந்த விளையாட்டை ஆண்டன. 1965-இல் சாமி மில்லர் என்ற வீரர் ஸ்பெயின் நாட்டின் எடை குறைந்த புல்டாகோ வண்டியில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் போட்டியை வென்ற பிறகு எல்லாரும் எடையைக் குறைக்கும் பக்கம் திரும்பிவிட்டார்கள். அப்படிக் குறைத்துக் குறைத்து வந்ததில் இன்றைய வண்டியில் எல்லாமே மெல்லிசு: போல்ட் சின்னது, பேரிங் சின்னது, அலுமினியத்தில் போட்ட மரையும் ஆழம் குறைவு. அதை வாரம் தவறாமல் சேற்றிலும் ஓடையிலும் முக்கி எடுக்கிறோம். சத்தம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சத்தத்திலிருந்து ஆரம்பிப்போம். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகட்டுக்கு ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்து, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். டயரின் உச்சியைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். ஷாக் அப்சார்பர் அசைவதற்கு முன்னால் 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் தட்டுப்படுகிறதா? தட்டினால் லிங்கேஜ் (பின்சக்கரத்தின் கையையும் ஷாக்கையும் இணைக்கும் மூட்டு) பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது. ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும்தான் என்றால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஐந்து வாரத்தில் இந்த இரண்டாவதாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் கிரீஸ் பல வண்டிகளில் பெயருக்குத்தான் இருக்கும்.

திண்டுக்கல்லில் என் பெரியப்பா மெக்கானிக் கடை வைத்திருந்தார். புது டிவிஎஸ் 50 எடுத்தவர்கள் காற்று அடிக்க வந்தால்கூட, சக்கரத்தைக் கழற்றி அச்சில் கிரீஸ் தடவித்தான் அனுப்புவார். "பூஜை போட்ட மாலை வாடல, அதுக்குள்ள பிரிச்சுட்டியேய்யா" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அவர் வண்டி பத்து வருஷம் கழித்தும் அதே அச்சில் ஓடியது. பிராட்ஃபோர்டுக்கு வந்து முதல் ட்ரயல்ஸ் பைக் வாங்கியபோது எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. எட்டு மாதம் கழித்து லிங்கேஜைப் பிரித்தால் போல்ட் வரவே மாட்டேன் என்றது. சுத்தியலால் தட்டி எடுத்தேன். பேரிங்குக்குள் கிரீஸ் இருந்த இடத்தில் செங்கல்பொடி மாதிரி துரு.

நீங்கள் இப்போதே பிரித்துவிடுங்கள். ஒரு மதியம் போதும். ஆனால் அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு பிரியுங்கள். சில வண்டிகளில் அந்த ஊசி பேரிங்குக்கு உருளைகளைப் பிடித்து வைக்கும் கூடு கிடையாது. நடுவிலிருக்கும் குழாயை உருவியதும் தீக்குச்சி அளவு உருளைகள் பொலபொலவென்று கொட்டிவிடும். எண்ணி வையுங்கள். எனக்கு ஒன்று குறைந்தது. கராஜ் முழுக்க டார்ச் அடித்துத் தேடினேன். நாலு நாள் கழித்து என் செருப்பின் அடியிலேயே பதிந்து கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, தண்ணீருக்கு அசையாத நல்ல கிரீஸைத் தாராளமாக அப்பி, உருளைகளை அந்த கிரீஸிலேயே ஒட்டி நிற்க வைத்து, குழாயை நிதானமாக உள்ளே விட வேண்டும். கையோடு ஹேண்டில்பார் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். அங்கேயும் இதே கதைதான்.

அடுத்தது கிளட்ச். இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட் எல்லாம் ஆயிலுக்குள் இருப்பவை. ஒரு வாரம் சும்மா நின்றால் ஆயில் குளிர்ந்து பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தோசை தோசைக்கல்லில் ஒட்டுகிற மாதிரி. அதனால் எஞ்சினை அணைத்த நிலையிலேயே மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் நாலைந்து முறை தள்ளுங்கள். 'பட்' என்று விடுபடுவது கைக்கே தெரியும். அப்புறம் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் சூடேற விட்டு, பிறகு கியர் போடுங்கள். சூடான பிறகும் இழுக்கிறதென்றால் முதலில் ஆயிலைப் பாருங்கள். பல மாடல்களுக்கு மெல்லிய ஆயில்தான் சரிப்படும். கார் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையே நிறையப் பேர் ஊற்றுகிறார்கள். உங்கள் மாடலுக்கு எது, எத்தனை மில்லி என்பது கையேட்டில் இருக்கும். அடுத்து, கிளட்ச்சின் ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றை வெளியேற்ற மேலிருந்து ஊற்றிக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். கீழே கிளட்ச் சிலிண்டர் பக்கத்திலிருந்து ஒரு ஊசிமருந்து சிரிஞ்சால் ஹைட்ராலிக் ஆயிலை மேல்நோக்கித் தள்ளினால் குமிழி தானாக மேலே வந்துவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கோளாறு பிளேட்டில்தான். என் இரண்டாவது வண்டியில் பிளேட்டில் உராய்வுத் துண்டுகளை ஒட்டிய பசை ஓரத்தில் பிதுங்கிக் காய்ந்திருந்தது. நகத்தை வைத்துத் தடவினால் மேடு தெரிந்தது. மழுங்கின கத்தியால் அந்த மேட்டை மட்டும் சுரண்டி எடுத்து மாட்டியதும் கிளட்ச் வெண்ணெய் மாதிரி ஆனது. நீங்கள் அதுவரை போக வேண்டாம். ஐந்தே வாரம் ஆன வண்டி, விற்றவரிடம் கொண்டு போங்கள். அதற்கான காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கிக்கர் போல்ட் விழுந்தது உங்கள் தப்பு என்று சொன்னால் கோபப்படாதீர்கள். முதல் நாள் ஓட்டி முடித்து வந்ததுமே ஸ்பானரோடு ஒரு சுற்று வர வேண்டும். கிக்கர், பின் ஸ்ப்ராக்கெட், டிஸ்க், ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் என்று எல்லா போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். கழற்றித் துடைத்து, போல்ட் கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சக்கரக் கம்பிகளை ஒரு சின்ன ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். 'டிங்' என்று வந்தால் சரி, 'டொக்' என்றால் லூஸ்.

புது வண்டியில் மூன்றாவது மாதமே முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, ரேடியேட்டர் ஃபேனும் சுற்றவில்லை. "இது போட்டி வண்டி, போட்டி வண்டிக்கு வாரண்டி கிடையாது" என்கிறார் விற்றவர். என்ன செய்வது?
– வாசகி, ஷெஃபீல்ட்

தயாரிப்பாளர் தரும் வாரண்டி வேறு, சட்டம் தரும் உரிமை வேறு. முதலாவதைப் போட்டி வண்டிக்குச் சுருக்கிக்கொள்ளலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இரண்டாவதை யாரும் சுருக்க முடியாது. இங்கே பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்பெயினிலோ இத்தாலியிலோ இருக்கும் தொழிற்சாலைக்காரர் இல்லை, உங்களிடம் பணம் வாங்கியவர். கோளாறு என்றால் முதல் 30 நாளுக்குள் வண்டியையே திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அதன் பிறகு பழுது பார்த்துத் தர அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரிய வந்த கோளாறு விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கிற பாடு உங்களுடையது.

அதற்காக எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டவும் முடியாது. செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், கிளட்ச் லிவர் எல்லாம் தேய்வதற்கும் உடைவதற்கும் என்றே இருப்பவை. ஃபோர்க் சீல் கசிவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சீலின் ரப்பர் உதட்டில் மண் துகள் சிக்கினாலும் கசியும். பழைய ஃபிலிம் சுருளில் ஒரு துண்டு வெட்டி, சீலுக்கும் தண்டுக்கும் நடுவில் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே நின்றுவிடும்.

ஃபேன் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நடை வேகத்தில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் நின்றால் எஞ்சின் கொதித்துப் போகும். அது ஓடும்வரை ஓட்டாதீர்கள். அப்புறம், நீங்களாகக் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து, தேதி போட்டு, மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கடைக்காரரிடம் வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போகும்.

கிளட்ச் பக்க ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது!
– வாசகர், டார்பி

தண்ணீர் கலந்திருக்கிறது. எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. கூலண்ட் குறைந்திருந்தால் தண்ணீர் பம்ப் சீல் போய்விட்டது, சீலோடு அது உரசும் தண்டையும் பாருங்கள், அதில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பிரயோசனமில்லை. கூலண்ட் அப்படியே இருந்தால் நீங்கள் போன வாரம் இறங்கிய ஓடையின் தண்ணீர்தான், எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக உள்ளே போயிருக்கும். குழாயின் நுனியை உயரமாக மாற்றிக் கட்டுங்கள். இரண்டில் எதுவானாலும், மலிவான ஆயிலை ஊற்றிச் சூடேற்றி வடிப்பதை இரண்டு மூன்று முறை செய்தால்தான் நிறம் தெளியும்.

கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் ஊற்றலாமா? இரண்டும் ஹைட்ராலிக்தானே?
– வாசகர், லெஸ்டர்

இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் நானே பதில் சொல்லிக்கொண்டு பிரேக்குக்கு ஊற்றும் டாட் 4 பாட்டிலைக் கிளட்ச்சில் கவிழ்த்தவன் நான். என் வண்டியின் கிளட்ச்சுக்கு மினரல் ஆயில். அடுத்த ஞாயிறு மூன்றாவது பாறையில் லிவரை இழுத்தேன். அது கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவே இல்லை. சீல் எல்லாம் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் இரண்டுக்கும் சீல் மாற்ற வேண்டியதாயிற்று. மூடியின் மேலேயே எது ஊற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும், சேற்றைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

ஈ10 பெட்ரோல் போடலாமா?
– வாசகர், ஹல்

2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலே ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டது. ஓடும், ஆனால் நிற்கும்போதுதான் தொல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். டேங்க் இரண்டரை லிட்டர்தானே, சூப்பர் பெட்ரோல் பம்பில் கிடைக்கும், எத்தனால் குறைவான ஈ5 போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பையில் என்னென்ன வைத்திருப்பீர்கள்?
– அதே லீட்ஸ் வாசகர், இரண்டாவது கடிதத்தில்

கிளட்ச் லிவர் ஒன்று, பிரேக் லிவர் ஒன்று, ப்ளக், செயின் லாக் இரண்டு, கட்டுக்கம்பி, கியர் லிவர், ஒரு கையடக்கப் பம்ப். காற்று மீட்டர் மட்டும் நல்லதாக வாங்குங்கள். நம் பின் டயரில் 4 பிஎஸ்ஐ, முன்னால் 6 அளவுதான் காற்று. பெட்ரோல் பங்க் மீட்டரில் அதெல்லாம் சைபர் பக்கத்தில் ஒரு நடுக்கமாகத்தான் தெரியும்.

கூடவே, காந்த மூடி ஒட்டிய அந்தக் கயிறு. நாம் விழுந்தால் எஞ்சினை அணைப்பதற்காக மணிக்கட்டில் மாட்டுவது. சாவி இல்லாத இந்த வண்டிக்கு அதுதான் சாவி. போன நவம்பரில் அதைத் துவைக்கிற ஜாக்கெட்டோடு வீட்டில் விட்டுவிட்டு, நாற்பது மைல் தள்ளி ஒரு வயல்வெளியில் முக்கால் மணி நேரம் கிக்கரை மிதித்திருக்கிறேன். ப்ளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைத் தட்டினேன். பக்கத்து வண்டியில் வந்த பத்து வயதுப் பையன்தான் என் ஹேண்டில்பாரைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான். இப்போது பையில் இரண்டு வைத்திருக்கிறேன்.