14 நாள் டிரையலா, என்றைக்கும் இலவசமா: டெவலப்பர் கருவி விற்பவர்களின் கேள்விகள்

கொஞ்ச நாளாக இங்கே சிங்கப்பூரில் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. டெவலப்பர்களுக்கு ஒரு கருவி செய்தாயிற்று, இனி அதை எப்படிக் கொடுப்பது? சில நாள் முழுசாகத் திறந்துவிட்டுப் பிறகு காசு கேட்பதா (டிரையல்), இல்லை ஒரு பகுதியை என்றைக்குமே இலவசமாக விட்டுவிட்டு மீதிக்குக் காசு வாங்குவதா (ஃப்ரீமியம்)? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, சுருக்கிப் போட்டிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேர். டேட்டாபேஸ் மைக்ரேஷன், அதாவது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் வேலை, தப்பாகப் போகும் முன்பே எச்சரிக்கும் கருவி ஒன்று செய்திருக்கிறோம். என் பார்ட்னர் 14 நாள் டிரையல் போதும் என்கிறார், எனக்கு ஃப்ரீமியம்தான் சரி என்று படுகிறது. நீங்களே தீர்த்து வையுங்கள் அண்ணா. (செங்காங்)

தம்பி, இந்தக் கருவிக்கு ஃப்ரீமியம்தான். நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள், ஏன் என்று தெரிந்துவிடும். ஒரு சின்னக் குழு மாதத்துக்கு எத்தனை மைக்ரேஷன் போடும்? மூன்று, நான்கு. அதில் நிஜமாகவே ஆபத்தானது பல மாதங்களுக்கு ஒன்று வரும். உங்கள் கருவியின் அருமை அந்த ஒரு நாளில்தான் தெரியும், அந்த நாள் 14 நாளுக்குள் வந்து நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சனிக்கிழமை ராத்திரி ஆர்வத்தில் பதிவு செய்தவர் திங்கட்கிழமை வேறு வேலையில் மாட்டிக்கொள்வார், அடுத்த வாரம் சீனப் புத்தாண்டு, அதற்கும் அடுத்த வாரம் தேசிய சேவையின் ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு முகாமுக்குப் போய்விட்டார் என்றால் உங்கள் டிரையல் அவர் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமலே முடிந்திருக்கும்.

பலன் உடனே தெரியும் கருவி என்றால் கதை வேறு. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் நிரல் எழுதும் தன் கட்டண எடிட்டர்களுக்கு 30 நாள் டிரையல் கொடுக்கிறது, அது பொருந்துகிறது, ஏனென்றால் எடிட்டரை நாள் முழுக்கத் திறந்து வைத்து வேலை செய்கிறோம், ஒரே வாரத்தில் கைக்குப் பழகிவிடும், எடுத்துக்கொண்டால் வலிக்கும். அப்படிப் பழக்கமாகும் பொருளுக்கு டிரையல் நல்ல வழி. எப்போதோ ஒருநாள் காப்பாற்றும் பொருள் அந்த நாள் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

ஆனால் ஃப்ரீமியம் என்று முடிவு செய்யும் முன் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். தேக்காவில் தோசைக் கடையில் சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள், இரண்டாவது தோசையை யாரும் சும்மா வைக்க மாட்டார்கள். உங்கள் கருவியில் எது சாம்பார், எது தோசை? இலவசப் பயனர் ஒருவருக்கு சர்வர், சேமிப்பு, மின்னஞ்சல் எல்லாம் சேர்த்து மாதம் 30 காசு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேர் வந்தால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உங்கள் கட்டணத் திட்டம் 15 வெள்ளி என்றால் 20 பேர் கட்டினால் ஈடாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. கார்டுக் கட்டணத்தை வாங்கித் தரும் ஸ்ட்ரைப் சேவை உள்ளூர் கார்டுக்கு 3.4 விழுக்காடும் கூடவே 50 காசும் எடுத்துக்கொள்ளும், 15 வெள்ளியில் கைக்கு வருவது 13 வெள்ளி 99 காசு. ஆக 22 பேர் வேண்டும். அதுவும் இலவசக்காரர்களின் செலவை மட்டும் ஈடுகட்ட, உங்கள் இருவர் சம்பளத்துக்கு இன்னும் ஒரு காசு வரவில்லை. இதனால்தான் ஆண்டுக் கட்டணத்தையும் முதல் நாளிலிருந்தே வைக்கச் சொல்கிறேன், அந்த 50 காசு 12 தடவை போகாமல் ஒரே தடவை போகும்.

உங்கள் கருவி கோப்பைப் படித்து எச்சரிக்கை மட்டும் சொல்கிறது, பயனரின் கணினியிலேயே ஓட வைக்கலாம். அப்படிச் செய்தால் இலவசப் பயனருக்கான செலவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, முழுக்க சாம்பார். குழுவாகப் பார்க்கும் பலகை, பழைய வரலாறு, ஒப்புதல் முறை இவற்றுக்குக் காசு வாங்குங்கள்.

டிரையலுக்கு முன்பே கார்டு எண் கேட்கலாமா? கேட்டால் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்களாமே. (தெம்பனிஸ்)

வேண்டாம் மேடம். கேட்டால் கூட்டம் குறையும், மிஞ்சுபவர்களில் கட்டுபவர்களின் பங்கு கூடித் தெரியும், அதைப் பார்த்து நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தில் கருவியை முதலில் தொட்டுப் பார்க்கும் டெவலப்பரிடம் பெரும்பாலும் கம்பெனி கார்டு இருக்காது, அதை வைத்திருப்பவர் மேலாளர். கார்டு கேட்கும் திரையைப் பார்த்ததும் அந்த டெவலப்பர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார், அவர் போனதே உங்களுக்குத் தெரியாது.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கண்காணிப்புக் கருவியை கார்டு கொடுத்துச் சோதித்தேன். முடியப்போகிறது என்று ஒரு வரி மின்னஞ்சல்கூட வரவில்லை, ஒரு வருடத்துக்கான தொகையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். எழுதி எழுதித்தான் திரும்ப வாங்கினேன். கருவி நல்ல கருவி, அதை இன்றும் சொல்வேன், ஆனால் அதன்பிறகு வேலை பார்த்த எந்த இடத்திலும் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தானாகக் கட்டணமாக மாறும் டிரையல்களுக்கு விசா கார்டு நிறுவனம் 2020 ஏப்ரலிலிருந்து தனி விதி வைத்திருக்கிறது: பயனரின் தெளிவான சம்மதம் வேண்டும், கட்டணம் தொடங்குவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பு நினைவூட்ட வேண்டும், நிறுத்துவதற்கு எளிதான இணைப்பும் கொடுக்க வேண்டும். 7 நாள் டிரையல் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவே கோடு எங்கே போடுவது? ஆட்கள் எண்ணிக்கையிலா, பயன்பாட்டு அளவிலா, வசதிகளிலா? (புக்கிட் பாத்தோக்)

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் டிரையலா ஃப்ரீமியமா என்பதை ஆறு மாதம் கழித்துக்கூட மாற்றலாம், தப்பான இடத்தில் போட்ட கோட்டை நகர்த்தினால் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள்.

டெவலப்பர்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான ஜிட்ஹப் எப்படி நகர்த்தியது என்று பாருங்கள். 2019 ஜனவரியில் வெளியாருக்குத் தெரியாத தனிப்பட்ட நிரல் களஞ்சியங்களை 3 பேர் வரை இலவசமாக்கியது. 2020 ஏப்ரலில் அந்த 3 பேர் வரம்பையும் எடுத்துவிட்டு, குழுக்களுக்கான விலையை ஆளுக்கு மாதம் 9 அமெரிக்க டாலரிலிருந்து 4 டாலராகக் குறைத்தது. ஒருங்கிணைந்த உள்நுழைவு (நிறுவனத்தின் ஒரே கணக்கால் எல்லாவற்றிலும் நுழைவது) மாதிரி பெரிய நிறுவனங்கள் கேட்கும் வசதிகள் மேல் திட்டத்தில்தான் இருந்தன. தனி ஆள் நிரல் எழுதுவதற்கு அங்கே காசு இல்லை, ஒரு நிறுவனம் தன் ஆட்களைக் கட்டி மேய்ப்பதற்குக் காசு. டெவலப்பர் கருவிகளுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான கோடு கிடையாது. தனி ஆளுக்குத் தேவையானதில் கை வைக்காதீர்கள்.

டாக்கர் நிறுவனம் கோட்டை வேறு விதமாகப் போட்டது. 2021 ஆகஸ்டில் டெவலப்பர்கள் தங்கள் கணினியில் நிறுவும் டாக்கர் டெஸ்க்டாப் மென்பொருளின் உரிம விதியை மாற்றி, 250 பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி அமெரிக்க டாலருக்குக் குறைவாகவும் உள்ள சின்ன நிறுவனங்களுக்கு இலவசம், மற்ற நிறுவனங்கள் கட்ட வேண்டும் என்றது. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும், அதைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் 30, 40 பேர் வைத்து நடக்கும் ஒரு வர்த்தக நிறுவனம் அந்த வருமானத்தைச் சுலபமாகத் தாண்டும், கப்பல் எரிபொருள், மின்னணுப் பாகங்கள் விற்பவர்களுக்கு லாபம் மெலிசு, விற்றுமுதல் மட்டும் மலை மாதிரி இருக்கும். அவர்களிடம் டெவலப்பர் இரண்டே பேர். ஆகவே உங்கள் வாடிக்கையாளர்கள் இங்கேதான் என்றால் விற்றுமுதலை வைத்துக் கோடு போடாதீர்கள், எத்தனை டெவலப்பர்கள் என்பதை வைத்துப் போடுங்கள்.

பயன்பாட்டு அளவில் கோடு போடுவது செலவு உண்மையிலேயே அளவோடு ஏறும் இடத்தில் மட்டும் சரி. லாக் (இயக்கப் பதிவுகள்) சேமிப்பு, பில்ட் (நிரலைத் தொகுத்துத் தயார் செய்வது) ஓடும் நிமிடங்கள், இப்படி. அதுவும் வரம்பைத் தொட்டவுடன் வேலையை நிறுத்தாமல், 80 விழுக்காட்டில் ஒரு தடவை சொல்லி, தாண்டிய பிறகும் கொஞ்சம் இடம் கொடுத்து. வெளியீட்டு நாளில் பில்ட் நின்றுபோனவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

எங்கள் கருவி மேகக் கணினியில் பில்ட் ஓட்டுகிறது. இலவசமாகக் கொடுத்தால் கிரிப்டோ மைனிங்குக்குப் பயன்படுத்துவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். நிஜமா? (ஜூரோங் வெஸ்ட்)

நிஜம். பில்ட் ஓட்டிக் கொடுக்கும் டிராவிஸ் சிஐ சேவை 2020 கடைசியில் தன் இலவச அளவை இறுக்கியதற்கு இந்தத் துர்ப்பயன்பாடு ஒரு காரணம். மற்றவர்களின் செயலிகளை ஓட்டிக் கொடுக்கும் ஹெரோக்கு 2022இல் இலவசத் திட்டத்தையே மூடும்போது மோசடியையும் துர்ப்பயன்பாட்டையும் காரணமாகச் சொன்னது. முன்பின் தெரியாதவரின் நிரலை உங்கள் கணினியில் ஓட விட்டால் அவர் எதையும் ஓட்டலாம், அவ்வளவுதான்.

மேலே கார்டு கேட்காதீர்கள் என்றேன், உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரே சமயத்தில் ஒரு பில்ட், ஒரு பில்டுக்கு நேர வரம்பு, புதிதாகத் தொடங்கிய கணக்குக்கு முதல் வாரம் குறைந்த அளவு, இவற்றை முதல் நாளே போடுங்கள். அதற்கு மேல் வேண்டுபவரிடம் கார்டைச் சரிபார்த்துக்கொள்ளலாம், கட்டணம் எடுக்காமல். டிரையல் வைத்தாலும் இதே ஆபத்துதான், புது மின்னஞ்சலில் மறுபடி மறுபடி வருவார்கள். இங்கே விற்பனை முறையைவிட வரம்புகள்தான் முக்கியம்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். டிரையல் முடிந்ததும் வேறு மின்னஞ்சலில் மறுபடி பதிவு செய்கிறேன். தப்பா? (ஈசூன்)

தப்புதான் தம்பி, தேவையும் இல்லை. ஜிட்ஹப்பின் மாணவர் தொகுப்பு, ஜெட்பிரெயின்ஸின் மாணவர் உரிமம் இரண்டும் இலவசம், கல்லூரி மின்னஞ்சலை வைத்து விண்ணப்பியுங்கள். மாணவர் திட்டமே இல்லாத சின்ன நிறுவனமாக இருந்தால் நேராக எழுதிக் கேளுங்கள், நான் கேள்விப்பட்டவரை யாரும் மறுத்ததில்லை.

இலவசத் திட்டம் எங்களை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறது, மூடலாம் என்று இருக்கிறோம். எவ்வளவு அவகாசம் கொடுக்க வேண்டும்? (பொங்கோல்)

முதலில், மூடுவதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. நிறுவனமே மூழ்கினால் காசு கட்டுபவர்களும் சேர்ந்துதான் மூழ்குவார்கள். ஹெரோக்கு 2022 ஆகஸ்டில் அறிவித்து நவம்பர் 28இல் மூடியது, மூன்று மாதம். டேட்டாபேஸ் சேவை தரும் பிளானட்ஸ்கேல் 2024 மார்ச்சில் அறிவித்து ஏப்ரல் 8இல் நிறுத்தியது, ஒரு மாதம்தான். டேட்டாபேஸை இடம் மாற்றுவது வார இறுதியில் முடிகிற வேலை இல்லை, ஒரு மாதம் போதாது என்பது என் கருத்து. சின்ன ஆளாக இருக்கும் நீங்கள் ஆறு மாதம் கொடுங்கள். புதிய பதிவுகளை இன்றைக்கே நிறுத்தலாம், செலவு ஏறுவது அத்தோடு நின்றுவிடும், பழையவர்களுக்கு மட்டும்தான் அவகாசம். தரவை முழுசாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான், குறைந்த விலையில் ஒரு தனி ஆள் திட்டம், இரண்டும் அறிவிப்பு போகும் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும்.

மூடும் முன் யார் மூழ்கடிக்கிறார்கள் என்று ஒரு தடவை பட்டியல் எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த இரண்டு இடங்களில் செலவில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்குகளிலிருந்து வந்தது. அவர்களோடு பேசினாலே பிரச்சினை தீர்ந்துவிடும் என்றால் ஆயிரம் பேரை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும்?

ஒரு வங்கியின் டெவலப்பர் குழு எங்கள் கருவியை ரொம்ப விரும்பியது. ஆனால் பாதுகாப்பு ஒப்புதல் வருவதற்குள் 14 நாள் டிரையல் முடிந்துவிட்டது. நீட்டித்தோம், அதுவும் முடிந்தது. என்ன செய்ய? (குவீன்ஸ்டவுன்)

வங்கிக்கு டிரையலும் சரிவராது, ஃப்ரீமியமும் சரிவராது. வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் வழிகாட்டி 2021 ஜனவரியில் திருத்தப்பட்டபோது வெளியார் சேவைகளைப் பற்றிய எதிர்பார்ப்புகள் கூடின. உங்களை விரும்பும் டெவலப்பர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வங்கியின் பாதுகாப்புக் கேள்வித்தாள்களைத் தாண்டித்தான் வர முடியும். உங்கள் இலவசத் திட்டம் அங்கே ஒரே ஒரு உதவி செய்யும்: அவர் வீட்டில் தன் கணினியில் பழகியிருப்பார், கூட்டத்தில் உங்களுக்காகப் பேசுவார். அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் அதற்கு மேல் அது நகராது.

அவர்களுக்குக் கட்டணத்தோடு ஒரு முன்னோட்டத் திட்டம் எழுதிக் கொடுங்கள். சின்னத் தொகையாக இருக்கட்டும், ஆனால் சும்மா வேண்டாம், ஏனென்றால் கொள்முதல் எண் ஒன்று பிறந்தால்தான் அந்தக் கோப்பை யாராவது கையில் எடுப்பார்கள். விலையை வெள்ளியில் சொல்லுங்கள், கார்டு கேட்காமல் விலைப்பட்டியல் அனுப்புங்கள். வரி விதிக்கத்தக்க விற்பனை ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாமல் இருந்து, நீங்கள் பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்யாமலும் இருந்தால் அந்த 9 விழுக்காட்டை விலைப்பட்டியலில் சேர்க்கக் கூடாது, சேர்த்து அனுப்பிவிட்டுச் சங்கடப்பட்டவர்களை எனக்குத் தெரியும். காலம் 90 நாள் வையுங்கள், அந்த 90 நாள் ஒப்பந்தத் தேதியிலிருந்து எண்ணப்படாது, பாதுகாப்பு ஒப்புதல் கிடைத்து முதல் டெவலப்பர் உள்ளே நுழைந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும் என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.