மிலானுக்கு சோபா பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஏப்ரல் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் நடக்கும் சலோனே தெல் மோபிலே என்ற மரச்சாமான் கண்காட்சியைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பொதுவாக உதவக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கோவையில் இன்டீரியர் டிசைனராக இருக்கிறேன். முதல் முறையாக மிலான் சலோனே தெல் மோபிலேவுக்குப் போகிறேன். கையில் 4 நாள்தான் இருக்கிறது. கண்காட்சி அரங்கிலேயே இருந்துவிடலாமா, ஊருக்குள் இருக்கும் ஷோரூம்களுக்கும் போகணுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அரங்குக்கு ஒரு நாள், ஊருக்கு மூன்று நாள். யோசிக்கவே வேண்டாம்.

சலோனே 1961-ல் ஆரம்பித்தது. இப்போது நடப்பது ஊருக்கு வெளியே ரோ என்ற இடத்தில் இருக்கும் பிரம்மாண்டமான வளாகத்தில். நடுவில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கண்ணாடிக் கூரை, இருபுறமும் அரங்குகள், ஆயிரக்கணக்கான கம்பெனிகள், ஆறு நாளில் சுமார் 3 லட்சம் பேர் வந்து போகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் சாயங்காலம் கால்வலியும் கை நிறைய காகிதமும்தான் மிச்சம். அதனால் அங்கே எதற்குப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒற்றைப்படை வருடம் என்றால் விளக்குகளுக்கான யூரோலூச்சே இருக்கும், இரட்டைப்படை வருடத்தில் சமையலறைக்கான யூரோகுச்சினாவும் குளியலறைப் பிரிவும் வரும். அப்புறம், 35 வயதுக்கு உட்பட்ட டிசைனர்களுக்காக 1998-ல் தொடங்கிய சலோனே சாட்டலைட் என்ற பகுதியைத் தவறவிடாதீர்கள். பெரிய கம்பெனி அரங்கில் பேசுகிறவர் விற்பனையாளர், இங்கே பேசுகிறவர் அதை வரைந்து கையால் செய்தவர். கேள்வி கேட்டால் கண் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

மீதி நாட்கள் ஊருக்குள். அந்த வாரம் முழுக்க மிலானே ஒரு திருவிழா மாதிரி இருக்கும், அதை ஃபுவோரிசலோனே என்பார்கள், 'சலோனேவுக்கு வெளியே' என்று அர்த்தம். யாரோ ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டு வந்தது இல்லை, 1980-களில் கம்பெனிகள் தங்கள் ஷோரூம்களைத் தாங்களாகவே திறந்து வைத்து வளர்ந்தது. வியா துரினி தெருவில் காசீனா, பி அண்ட் பி இத்தாலியா போன்ற மரச்சாமான் கம்பெனிகளின் ஷோரூம்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் கோர்சோ மான்ஃபோர்தே, அது விளக்குத் தெரு, ஃப்ளோஸ், ஆர்தெமிதே எல்லாம் அங்கே. ப்ரேரா பகுதியில் சந்துக்குச் சந்து ஷோரூம். தோர்தோனா பழைய தொழிற்சாலைகள் இருந்த பகுதி, பெரிய பெரிய கூடங்களில் காட்சி வைத்திருப்பார்கள்.

அரங்கில் இருப்பது ஆறு நாளுக்காகப் போட்ட பந்தல். ஷோரூமில் தரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் வருகிறது, அந்த சோபாவில் நீங்கள் பத்து நிமிடம் உட்காரலாம். அதற்காகத்தான் ஊருக்குள் மூன்று நாள் என்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து ஷோரூமுக்கு மேல் போகாதீர்கள். காலையில் கதவு திறந்த உடனே போய்விடுங்கள், சாயங்காலம் ஆனால் ப்ரேராவில் கையில் கோப்பையோடு கூட்டம் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கும், எந்தப் பொருளையும் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது.

கேள்வி: கணவர் ஏற்றுமதித் தொழில் வேலையாக அந்த வாரம் மிலான் போகிறார், நானும் கூடப் போகிறேன். எனக்கு இந்தத் துறையில் எந்தச் சம்பந்தமும் இல்லை, வீட்டுச் சாமான்கள் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். என்னை எல்லாம் உள்ளே விடுவார்களா? விலை கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ரோ வளாகத்தில் மட்டும்தான் துறை சார்ந்தவர்களுக்கு முன்னுரிமை, பொதுமக்களை சனி, ஞாயிறில் விடுவார்கள். ஊருக்குள் இருக்கும் ஷோரூம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது. சில இடங்களில் வாசலில் கியூஆர் கோடு வைத்திருப்பார்கள், பெயரும் மின்னஞ்சலும் பதிந்துவிட்டு உள்ளே போகலாம். வரிசை பெரிதாக இருக்கிற இடத்தில் முன்கூட்டியே பதிந்திருந்தால் நல்லது.

விலையைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: இத்தாலிய சோபாவுக்கு ஒரே ஒரு விலை என்று கிடையாது. விலைப் பட்டியலில் துணிகளை வகை பிரித்து வைத்திருப்பார்கள், தோல் அதற்கும் மேலே தனி வகை. அதே சோபா, துணி மாறினால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் 'இது எவ்வளவு' என்று கேட்காமல் 'இந்தத் துணியோடு, இந்த அளவில் எவ்வளவு' என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும், நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று அவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள்.

கைப்பையில் ஒரு அளவு டேப் கட்டாயம் இருக்கட்டும். ஷோரூமின் கூரை உயரம், கூடம் பெரிது, அங்கே மூன்று மீட்டர் சோபா சின்னதாகத் தெரியும். நம் வீட்டு ஹாலிலோ வாசல் கதவுக்குள்ளேயே நுழையாது. இன்னொன்று, உட்காரும் பகுதியின் ஆழத்தை அளந்து பாருங்கள். இப்போது வருகிற இத்தாலிய சோபாக்கள் தாழ்வாக, ஆழமாக இருக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கால் தரையைத் தொடாது, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். ஷூவோடு தரையில் பாதம் படிய, முதுகு பின்னால் ஒட்டி உட்கார முடிகிறதா என்று பாருங்கள். கைப்பிடியை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் எழுபது வயதுக்காரர் இருந்தால் இந்தச் சோதனைதான் முக்கியம், நிறமெல்லாம் அப்புறம்.

தோல் சோபா பற்றி என் அனுபவம் ஒன்று. கடற்கரையை ஒட்டிய சென்னை வீடு ஒன்றுக்கு, ஷோரூமில் தடவிப் பார்த்து மயங்கி, பூச்சு அதிகம் இல்லாத மெல்லிய தோலில் ஆர்டர் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் வெளியூர் போய் வந்தார்கள், அது ஐப்பசி மழைக்காலம், திரும்பி வந்து பார்த்தால் இருக்கை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. விற்றவர்கள் ஈரப்பதம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் கேட்க வேண்டியது என் வேலை, நான் கேட்கவில்லை. இப்போது எந்த ஷோரூமுக்குப் போனாலும் முதல் கேள்வியே அதுதான்: எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம், இந்தத் தோல் தாங்குமா, இந்தப் பலகையின் ஓரம் ஊறி வீங்கிவிடுமா?

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மரவேலை செய்கிறது. தேக்கில் கதவும் கட்டிலும் செய்கிற எங்களுக்கு அங்கே போய் என்ன கிடைக்கப் போகிறது? லட்சக்கணக்கில் செலவு செய்து மகனை அனுப்பலாமா?
– மரப்பட்டறை நடத்தும் வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, எல்லாரையும் விட உங்கள் மகனுக்குத்தான் அது அதிகம் பயன்படும். மற்றவர்கள் மேலே பார்ப்பார்கள், அவர் அடியில் பார்ப்பார்.

சொல்கிறேன் கேளுங்கள். ஜியோ பொன்டி என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்து 1957-ல் காசீனா வெளியிட்ட சூப்பர்லெஜ்ஜேரா என்று ஒரு நாற்காலி. ஆஷ் மரம், பிரம்புப் பின்னல் இருக்கை, மொத்த எடை 1.7 கிலோ. ஒரு குழந்தை ஒரு விரலில் தூக்கிவிடும். நான் முதன்முதலில் அதைத் தூக்கியபோது கை சட்டென்று மேலே போய்விட்டது, மரத்துக்கான பலத்தைப் போட்டுத் தூக்கியிருந்தேன். காலின் குறுக்கு வெட்டு வட்டமில்லை, முக்கோணம், அகலம் 18 மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய காலில் ஜாயிண்ட் எப்படி நிற்கிறது என்று கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். இது வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. லிகூரியா கடலோரத்தில் கியாவாரி என்ற ஊரின் ஆசாரிகள் 19-ம் நூற்றாண்டிலிருந்து செய்துவந்த மெல்லிய நாற்காலிதான் இதற்கு மூலம். ஊர் ஆசாரியின் கைவேலையை எடுத்து, தேவையில்லாத மரத்தை எல்லாம் இழைத்துத் தள்ளிவிட்டு, இன்றுவரை விற்கிறார்கள். பிரம்பும் மரமும் கலந்து வேலை செய்கிற நம் ஊர்ப் பட்டறைக்கு இதைவிட நல்ல பாடம் எது?

நம் நாட்டுச் சம்பந்தம் ஒன்றும் இருக்கிறது. சண்டிகர் நகரம் கட்டும்போது அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் வைத்து நாற்காலிகள் செய்தார்கள், அந்த வேலையை முன்னின்று பார்த்தவர் பியர் ஜானரே என்ற கட்டிடக் கலைஞர், வேலை செய்த கைகள் நம் நாட்டு ஆசாரிகளுடையவை. பின்னாளில் அவை உடைசலாக மூலையில் குவிந்து, அடிமாட்டு விலைக்கு ஏலம் போய், வெளிநாட்டு ஏல மையங்களில் பெரும் தொகைக்கு விற்றன. 2011-ல் ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டியதாயிற்று. 2019-ல் அந்த நாற்காலிகளின் வழியில் காசீனா புதிதாக ஒரு வரிசையே வெளியிட்டது. மிலானில் கண்ணாடிக்குப் பின்னால் தேக்கும் பிரம்புமாக அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையும் வந்தது, வருத்தமும் வந்தது. நாம் விறகாக நினைத்ததை அவர்கள் நாற்காலியாகப் பார்த்தார்கள்.

மகனிடம் சொல்லி அனுப்புங்கள்: இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கணும். மேஜையின் அடியில் கையை விட்டுத் தடவணும், கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலும் இழைப்பு அதே மாதிரி இருக்கிறதா என்று. வெனீர் என்கிற, மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகட்டின் ரேகை ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குத் தொடர்கிறதா பார்க்கணும். அனுமதி கேட்டுவிட்டுச் செய்தால் யாரும் தடுக்க மாட்டார்கள், தொழில் தெரிந்த கை என்று கண்டுகொண்டால் அவர்களே இழுத்துக் காட்டுவார்கள். கோர்சோ மான்ஃபோர்தேயில் ஆர்கோ என்ற விளக்கைப் பார்த்தால் அதன் பளிங்கு அடித்தளத்தில் இருக்கும் ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். 1962-ல் காஸ்திலியோனி சகோதரர்கள் என்ற டிசைனர்கள் செய்தது, பளிங்கு மட்டும் 65 கிலோ வரும். அந்த ஓட்டை அழகுக்கு இல்லை, துடைப்பக் கட்டையை நுழைத்து இரண்டு பேர் தூக்குவதற்கு. மூலைகளை மழுக்கியிருப்பதும் காலில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான்.

நேரம் இருந்தால் மிலானுக்கு வடக்கே பிரியான்ஸா பகுதிக்கும் ஒரு நாள் போகட்டும். மேதா, லிசோனே, கான்டூ எல்லாம் மரவேலை ஊர்கள். ஷோரூமில் ஜொலிப்பவற்றில் நிறைய அங்கே உள்ள குடும்பப் பட்டறைகளின் தோளில் நிற்பவைதான். காசீனாவும் 1927-ல் மேதாவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆரம்பித்ததுதான்.

செலவுக்கு யோசிக்கிறீர்கள், நியாயம். கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். ஆனால் சேமித்து ஒரு முறை அனுப்பினால் வீண் போகாது.

கேள்வி: அங்கே போட்டோ எடுத்து வந்து நம் ஊர் ஆசாரியிடம் காட்டி அப்படியே செய்துகொண்டால் என்ன? எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். சட்டப்படி வடிவமைப்புக்கு உரிமை உண்டு என்பது ஒரு பக்கம். லெ கார்புசியே, ஜானரே, சார்லோட் பெரியான் என்ற டிசைனர்கள் மூவரும் சேர்ந்து செய்த நாற்காலிகளைக்கூட உரிமை வாங்கித்தான் 1965 முதல் காசீனா தயாரிக்கிறது. இன்னொரு பக்கம், போட்டோவில் தெரிவது தோல்தான், எலும்பு தெரியாது. அந்த சோபாவின் உள்ளே எத்தனை அடுக்கு ஃபோம், எந்தப் பட்டை, எந்த ஸ்பிரிங் என்று தெரியாமல் மேலே மட்டும் பார்த்துச் செய்தால் ஆறு மாதத்தில் நடுவில் குழி விழும், கெட்ட பெயர் ஆசாரிக்கு. போட்டோ எடுங்கள், கேட்டுவிட்டு எடுங்கள், சில ஷோரூம்களில் புதுப் பொருளுக்கு அனுமதி இருக்காது. ஆனால் ஒரு நோட்டில் அளவும் சேர்த்து எழுதுங்கள்: இருக்கை உயரம், ஆழம், சாய்மானம். அதை வைத்து உங்கள் வீட்டுக்கு உங்கள் ஆசாரி சொந்தமாக ஒன்று செய்து தரட்டும். அவருக்கும் அதுதான் மரியாதை.

கேள்வி: தங்குவது, சாப்பாடு, போக்குவரத்து பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். நாங்கள் சைவம்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்த வாரம் ஹோட்டல் வாடகை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறும், அதனால் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். நடு ஊரில் கிடைக்காவிட்டால் செஸ்தோ சான் ஜியோவான்னி பக்கம் பாருங்கள், எம்1 சிவப்பு மெட்ரோவின் ஒரு முனை அங்கே இருக்கிறது, மறுமுனை ரோ ஃபியரா, மாறாமல் போகலாம். வண்டியின் முகப்பில் 'ரோ ஃபியரா' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள், ஏனென்றால் அதே பாதை பகானோ நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. நகர எல்லைக்கான சாதாரண டிக்கெட் ரோவுக்குப் போதாது, அந்த மண்டலமும் சேர்ந்த டிக்கெட் எடுங்கள். ப்ரேராவுக்கு எம்2 பச்சைப் பாதையில் லான்சா, தோர்தோனாவுக்கு அதே பாதையில் போர்தா ஜெனோவா.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: மஞ்சளாக மணக்க மணக்க வரும் மிலான் ரிசோத்தோவைச் சாதம்தானே என்று வாங்கிவிடாதீர்கள், மாட்டெலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேர்த்துச் செய்வதுதான் அங்கே வழக்கம். மார்கெரிதா பீட்சா, தக்காளிச் சாறு பாஸ்தா எங்கும் கிடைக்கும். காலுக்குப் பழகிய செருப்பு அல்லது ஷூ போட்டுக்கொள்ளுங்கள், புதுசு வேண்டாம்.