600 கிராம் தட்டும் 2 லட்ச ரூபாய் சூளையும்

கேள்வி: பிளஸ் 2-வில் வணிகவியல் முடித்த என் மகள், கையால் செராமிக் சாப்பாட்டுத் தட்டுகள் செய்து விற்கப் போவதாகச் சொல்கிறாள். வார இறுதி வகுப்புக்கு இரண்டு மாதம் போயிருக்கிறாள். இப்போது மின்சூளை வாங்க 2 லட்ச ரூபாய் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: சூளையை மட்டும் தள்ளிப்போடுங்கள் அம்மா. ஆசைக்குத் தடை போட வேண்டாம். ஒரே அளவில், ஒரே எடையில், மேசையில் ஆடாமல் நிற்கும் 12 தட்டுகளைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கப்பும் பூச்சாடியும் இரண்டு மாதத்தில் வந்துவிடும். தட்டுதான் ஆளைச் சோதிக்கும்.

முதல் சோதனை எடை. சக்கரத்தில் புதிதாகப் பழகுபவர் 26 செ.மீ. தட்டுக்கு ஒன்றரை கிலோ மண் எடுப்பார். ஓட்டை விழுந்துவிடுமோ என்று அடியைச் செதுக்கப் பயந்து அப்படியே விட்டுவிடுவார். சுட்டு எடுத்தால் ஒரு கிலோவுக்குக் குறையாது. எவர்சில்வர் தட்டுக்குப் பழகிய கை நம்முடையது. நாலு தட்டை அடுக்கித் தூக்கிப் பார்த்த உணவகக்காரர் மறுபடி கேட்கமாட்டார். 550 முதல் 650 கிராமுக்குள் வர வேண்டும்.

அதற்குச் சக்கரத்தைவிட, தேய்த்த மண்தகடு எளிது. இரண்டு பக்கமும் 5 மி.மீ. தடிமனுள்ள மரச்சட்டங்களை வைத்து, நடுவில் மண்ணைப் போட்டு உருட்டுக்கட்டையால் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே போனால் சூளையில் வட்டம் கோணிக்கொள்ளும். சப்பாத்தியைத் திருப்புவதுபோல அடிக்கடி புரட்டிச் சுழற்ற வேண்டும். பிறகு ரப்பர் தகட்டால் இரு பக்கமும் அழுத்தி இழுத்து, 30 செ.மீ. வட்டமாக வெட்டலாம். ஸ்டோன்வேர் எனப்படும், அதிகச் சூட்டில் கெட்டிப்படும் மண் சுமார் 12 சதவீதம் சுருங்கினால் 26.4 செ.மீ. கிடைக்கும். ஈரத்தில் 700 கிராம் இருக்கும் இந்த வட்டம், சுட்டபின் கிளேஸோடு (கண்ணாடிபோன்ற மேல்பூச்சு) சேர்த்து 600-ஐ ஒட்டி நிற்கும். மண் பையில் அச்சிட்ட சுருக்க அளவை நம்ப வேண்டாம். 10 செ.மீ. கோடு கீறிய ஒரு பட்டையைச் சுட்டு, மகளே அளந்து எழுதிக்கொள்ளட்டும்.

இதில் பலர் கோட்டைவிடுவது தூக்கும்போதுதான். மண்ணுக்கு ஞாபகம் உண்டு. விளிம்பைப் பிடித்துத் தூக்கிய வட்டம் பார்வைக்குத் தட்டையாகக் காயும். சூளையின் 1220 டிகிரி செல்சியஸ் சூட்டில் பழைய வளைவு திரும்பி வரும். துணியோடு பலகையில் ஏற்றி, அச்சின்மேல் கவிழ்ப்பதே வழி. அச்சை வீட்டிலேயே வார்க்கலாம்: எடையில் 10 பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு 7 பங்கு தண்ணீர்.

காயவைப்பதில் அவசரம் கூடாது, மின்விசிறி கூடவே கூடாது. விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், நடு ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் தட்டு வளையும் அல்லது விளிம்பு வெடிக்கும். விளிம்பைச் சுற்றி மட்டும் பாலிதீன் போர்த்தி, நடுவைத் திறந்துவிட்டு, ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அடியில், தட்டு உட்காரும் வளையம் வைக்காவிட்டால் எடை குறையும். ஆனால் நடு ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே தட்டு பம்பரமாகச் சுற்றும். வளையம் வைத்தால், மிகச் சிறியதானால் விளிம்பு தொங்கும், மிகப் பெரியதானால் நடு தொய்யும். தட்டின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பொருத்தமாக இருக்கும்.

மெல்லிய தட்டு ஒருமுறை சுட்டபின் கிளேஸில் முக்கும்போது சீக்கிரம் நனைந்துபோகும். அதற்குமேல் கிளேஸ் ஒட்டாது. இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் விட்டால் ஆறும்போது தட்டு வளையும், சிலசமயம் பிளக்கும். ஆறும்போது 573 டிகிரியை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று சுருங்குவதால், அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். ஆர்வத்தில் சூளைக் கதவைத் திறந்து பார்ப்பவர்களுக்கு விரிசல்தான் மிச்சம்.

இனி பணக் கணக்கு. 45 செ.மீ. சதுர அடுக்குப் பலகையில் 16 கப் வைக்கலாம். சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான் பிடிக்கும். தட்டுக்கு உயரம் குறைவு என்பதால் ஒரு கப் அடுக்கின் இடத்தில் இரண்டு தட்டு அடுக்குகள் வரும். ஆனாலும் 16-க்கு 2 தான். உள்ளுயரம் 60 செ.மீ. உள்ள சூளையில் கிளேஸ் சுடும்போது எட்டுத் தட்டுகள் ஏறும். 9 கிலோவாட் சூளை 10 மணி நேரம் ஓடி, சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு நேரம் மின்சாரம் இழுத்தால் 60 யூனிட்; தட்டுக்கு ஏழரை யூனிட். முதல் சுடுதல், உடைசல், மும்முனை இணைப்புக்கான செலவெல்லாம் தனி. ஆகவே தொடக்கத்தில் வேறொரு பட்டறையின் சூளையில் கூலி கொடுத்துச் சுடட்டும். 24 தட்டுகள் போட்டு 20 நல்லபடியாக வரும் நாளில் சூளையைப் பற்றிப் பேசலாம்.

விற்பதற்குமுன் இரண்டு சோதனைகள் கட்டாயம். கிளேஸ் போடாத துண்டை அதே சூட்டில் சுட்டு எடைபோட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, துடைத்து மறுபடி எடைபோட வேண்டும். 2 சதவீதத்துக்குமேல் ஏறினால் மண் முழுதாக வேகவில்லை. கிளேஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் சாம்பார் மஞ்சள் உள்ளே இறங்கிவிடும். அடுத்தது ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்ற ஆய்வகச் சோதனை. 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்துப் பார்ப்பார்கள். ஐஎஸ்ஓ 6486 என்ற சர்வதேசத் தரவிதி தட்டுக்கு விதிக்கும் ஈய வரம்பு சதுர டெசிமீட்டருக்கு 0.8 மில்லிகிராம். புளியும் எலுமிச்சையும் இல்லாத சாப்பாடு நமக்கு ஏது?

படிப்பு என்று பார்த்தால், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவில் இளங்கலை உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) செராமிக்–கண்ணாடி வடிவமைப்புக்கு எந்தப் பாடப்பிரிவு மாணவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம், போட்டி கடுமை. விருத்தாசலம் அரசு செராமிக் கல்லூரியின் டிப்ளமோ பெரும்பாலும் தொழிற்சாலை வேலைக்கு இட்டுச்செல்லும். அண்ணா பல்கலைக்கழகத்தின் செராமிக் பி.டெக். வணிகவியல் மாணவிக்குக் கிடைக்காது. தட்டு செய்வதே குறி என்றால், புதுச்சேரிப் பக்கம் பார்க்கலாம். மண்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு அந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் பட்டறைகள் பல முளைத்தன. அப்படியொன்றில் ஓராண்டு மண் பிசைந்து, சூளை அடுக்கி, மற்றவர் தட்டுக்கு வளையம் செதுக்கிப் பழகுவது பத்து வார இறுதி வகுப்புகளுக்குச் சமமல்ல, அதற்கு மேல்.

வீட்டில் இடம் ஒதுக்குவதானால் சமையலறையை ஒட்டியோ படுக்கையறையிலோ வேண்டாம். காய்ந்த மண்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கட்டும். கிளேஸ் பொடி கலக்கும்போது என்95 முகக்கவசம் போட்டே ஆக வேண்டும்; வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கவும் சொல்லுங்கள்.