வீடியோ எடிட்டிங் படிக்கப்போகும் மகனுக்கு எந்தக் கொம்பியூட்டர்?

அக்கா, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ஏ.எல். எழுதிவிட்டு மகன் வீடியோ எடிட்டிங்தான் படிப்பேன் என்று நிற்பது ஒன்று, பெரிய கிராபிக்ஸ் கார்ட் போட்ட கொம்பியூட்டர் இல்லாவிட்டால் வேலையே கிடைக்காது என்று அடம்பிடிப்பது மற்றது. முதலாவதில் நான் உங்கள் மகன் தம்பியின் பக்கம். கொழும்பில் கல்யாண வீடு, சாமத்திய வீடு, ஒன்லைன் ரியூஷன், யூடியூப், விளம்பரக் கம்பனி என்று இந்த வேலைக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு, அந்தக் கார்டுக்காகச் சங்கிலியை அடகு வைக்க முதல் கொஞ்சம் பொறுங்கள்.

வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்ற, அதாவது கன்வேர்ட் பண்ண, மணிக்கணக்காக எடுக்குது என்று தம்பி சொல்வது பொய்யில்லை. கமராவிலிருந்து வரும் வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை விரித்து, அளவையோ நிறத்தையோ மாற்றி, திரும்பவும் சுருக்க வேண்டும். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வேலைதான். அதை சாதாரணமாகச் செய்வது புரொசசர். புரொசசருக்குள் வேலை செய்யும் பகுதியைக் கோர் என்பார்கள்; ஒரே தலைமுறையில் 4 கோர் இருந்த இடத்தில் 8 கோர் வந்தால், எச்.264 என்ற வழக்கமான சுருக்கும் முறைக்கு எடுக்கும் நேரம் பாதிக்குக் கிட்ட வரும், ஆனால் 16, 24 என்று கூட்டிக்கொண்டே போனால் சாதாரண எச்.டி. வீடியோவுக்கு அந்த அளவு பலன் வராது. அதற்குப் பிறகு வந்த எச்.265 முறை என்றால் கோப்பு சின்னதாகும், நேரம் பல மடங்கு ஏறும்.

இனி அந்தக் கார்ட். இன்டெல் 2011இலிருந்து குயிக் சிங்க் என்றும், என்விடியா 2012இலிருந்து என்வெங்க் என்றும் வீடியோ சுருக்குவதற்கென்றே தனிப் பகுதி ஒன்றை சிப்புக்குள் வைத்து வருகின்றன. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், புரொசசர் மணித்தியாலக்கணக்கில் இழுக்கிறதைப் பல நேரம் பல மடங்கு சீக்கிரமாக முடித்துவிடும். அதே கோப்பு அளவில் தரம் மட்டும் கொஞ்சம் குறையலாம், யூடியூப்புக்கும் ரியூஷன் வகுப்புக்கும் அது கண்ணில் படாது. இப்போது கவனியுங்கள்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் இருக்கும் என்வெங்க் பகுதியும் அதைவிடப் பல மடங்கு விலையான 3090இல் இருப்பதும் ஒரே தலைமுறை, இரண்டிலும் ஒன்றே ஒன்றுதான். வெறும் கன்வேர்ட்டுக்கு என்றால் மிச்சக் காசு வீண். நிறத் திருத்தம், முப்பரிமாண எபெக்ட் எல்லாம் நிறையச் செய்கிறவனுக்குப் பெரிய கார்ட் உதவும், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது தம்பிக்கு அடுத்த வருஷப் பிரச்சினை.

கொம்பியூட்டர் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் இரண்டு விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஜிடி 1030 கார்டை மலிவாகக் காட்டுவார்கள், அதில் அந்தச் சுருக்கும் பகுதியே கிடையாது. இன்டெல் புரொசசரின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, ஆகவே குயிக் சிங்கும் இல்லை. எஃப் இல்லாத 12400ஐ வாங்கினால் தனிக் கார்டே இல்லாமல் தம்பி வேலையைத் தொடங்கலாம். பில் போட முதல் பெட்டியில் எழுதியிருப்பதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமாக வாசிக்கும் எஸ்.எஸ்.டி. போட்டால் கன்வேர்ட் வேகமாகும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். சாதாரண எச்.டி. வீடியோ நொடிக்கு 25 மெகாபிட் என்றால் கிட்டத்தட்ட 3 மெகாபைட், பழைய ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட் வாசிக்கும். எஸ்.எஸ்.டி. வேண்டும்தான், ஆனால் புரோகிராம் சட்டென்று திறக்கவும் எடிட் பண்ணும்போது இழுபடாமல் இருக்கவும். ராம் 16 ஜிபி தொடங்கப் போதும், எச்.டி.யைவிடப் பெரிய 4கே வீடியோ வேலை வந்தால் 32.

லப்டொப் என்றால் இன்னொன்று. நம்முடைய கொழும்பு வெக்கையில், மெத்தையில் வைத்து ரெண்டர் (எடிட் பண்ணியதை முடிந்த வீடியோவாக எடுப்பது) போட்டால் பத்து நிமிடத்தில் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். விலையான லப்டொப்பும் இதில் விலக்கில்லை. ஒரே இடத்தில் இருந்து வேலை செய்வதாக இருந்தால் டெஸ்க்டொப்தான் என் தெரிவு.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் எம்.கே.வி. கோப்பைக் கொண்டுவந்து எம்.பி.4 ஆக்கித் தா என்று கேட்டால், பல நேரம் உள்ளே இருக்கும் வீடியோவைத் தொடவே தேவையில்லை, வெளி உறையை மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரு வரி, இரண்டு மணி நேரப் படமும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இது தெரியாதவன் விலையான மெஷினிலும் திரும்பச் சுருக்கிக்கொண்டிருப்பான். எடிட் பண்ணும்போது 4கே இழுபட்டால் புரொக்சி என்று சின்னப் பிரதி எடுத்து வேலை செய்யலாம், டாவின்சி ரிசொல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அந்த வசதி உண்டு. வேலைக்கு எடுக்கிறவன் தம்பியிடம் பார்க்கப்போவது இந்தப் புத்தியைத்தான், அவன் வீட்டில் என்ன கார்ட் இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே இப்போது வீட்டில் இருக்கும் கொம்பியூட்டரில் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கன்வேர்ட் மென்பொருளைப் போட்டு, ஐந்து நிமிட வீடியோ ஒன்றை ஒருமுறை புரொசசரிலும் ஒருமுறை குயிக் சிங்கிலும் கன்வேர்ட் பண்ணச் சொல்லுங்கள். நேரத்தையும் கோப்பு அளவையும் கொப்பியில் எழுதட்டும், டாஸ்க் மனேஜரில் எது நூறு வீதத்தில் நிற்கிறது என்றும் பார்க்கட்டும். எதை மாற்றக் காசு செலவழிக்க வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கோர்ஸ் விஷயம் சுருக்கமாக: காசு கட்ட முதல் அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, கிடைப்பது என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம் என்று நேரே கேளுங்கள். 5, 6 என்றால் டிப்ளோமா, 7 பட்ட மட்டம். வெறும் சான்றிதழ் என்று மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இந்த மாதமே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கார்டை விட்டுவிட்டு கரன்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் நல்ல யூ.பி.எஸ். ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். மூன்று மணித்தியால ரெண்டர் 95 வீதத்தில் நிற்கும்போது கரன்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.