ரொபோட்டா, கடிதம்

வணக்கம்.
பிராட்டிஸ்லாவாவில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஸ்லோவாக் நண்பர்கள் வேலைக்குக் கிளம்புவதை 'ரொபோட்டாவுக்குப் போகிறோம்' என்கிறார்கள். கூட இருக்கும் செக்காரர் "எங்களுக்கு அது அடிமை வேலை" என்று கேலி செய்கிறார். யார் சொல்வது சரி? ரோபோவும் இதிலிருந்து வந்ததுதானா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேரும் சரிதான். உக்ரைனியனில் ரொபோட்டா, ரஷ்யனில் ரபோத்தா என்றால் சாதாரண வேலை. ஸ்லோவாக், போலிஷ் இரண்டிலும் 'பிராட்சா' என்று இன்னொரு சொல் எழுத்திலும் அலுவலகத்திலும் உட்கார்ந்துகொள்ள, ரொபோட்டா பேச்சில் புழங்குகிறது.

செக்கில் அன்றாட வேலைக்கு 'பிராட்சே'. ரொபோட்டா என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்த கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அந்த வகை. 1775இல் செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் குடியானவர்கள் கலகம் செய்த பிறகுதான், வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அப்போது அங்கே ஆண்ட அரசி மரியா தெரேசா சட்டம் போட்டார். மூன்று நாள் என்பதே சலுகை என்றால் அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்! 1848 புரட்சியில்தான் அது ஒழிந்தது. ஆனால் உங்கள் செக்காரர் தலைநகர் பிராகாக்காரராக இருக்க வேண்டும். போலந்து எல்லையோரம் இருக்கும் ஆஸ்திராவா நகரப் பக்கம் போனால் செக்காரர்களே கேலியில்லாமல் ரொபோட்டாவுக்குப் போகிறார்கள்.

ரோபோ விஷயம் உண்மைதான். 1920இல் வெளிவந்த 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் செயற்கைத் தொழிலாளிகளுக்குச் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் முதலில் யோசித்த பெயர் 'லபோரி'. அது அவருக்கே ஒட்டவில்லை. ரோபோட் என்று வைக்கச் சொன்னவர் அவர் அண்ணன், ஓவியர் யோசெப். இதைக் காரெலே பின்னால் எழுதியிருக்கிறார். அந்த ரோபோக்கள் இரும்பு எந்திரங்கள் அல்ல, ரசாயனத்தில் பிசைந்து செய்த சதை உடம்புகள். பெயரில் எந்திரமே இல்லை, கூலியில்லாத உழைப்புதான் இருக்கிறது. ரோபோவை நாம் 'எந்திரன்' ஆக்கியபோது அந்த உழைப்பு போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம், வேர். ரஷ்யனில் 'ராப்' அடிமை, 'ரெப்யோனக்' குழந்தை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிரேக்கத்தில் அநாதையைக் குறிக்கும் 'ஓர்ஃபனோஸ்' இதற்கு உறவு. ஜெர்மானியரின் 'ஆர்பைட்'டையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். தகப்பனில்லாத பிள்ளை யார் வீட்டிலாவது ஏவல் செய்து பிழைத்திருக்கும். அங்கிருந்து அடிமை, அடிமையிலிருந்து வேலை என்று பொருள் நகர்ந்ததாக விளக்குகிறார்கள். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

செர்பியாவில் கடைச்சரக்கை 'ரோபா' என்பார்கள். அதை இதோடு சேர்த்துவிடாதீர்கள், அது இத்தாலியிலிருந்து வந்தது.