மேசன் வேலை, இடுப்பு நோ, கையில் 3 இலட்சம்: வேலைக்குப் போகாத நாளிலும் வருமானம் வர வழி உண்டா?

கேள்வி: நிலாவெளியில் மேசன் வேலை செய்கிறேன். வயது 38. நாட்சம்பளம்தான், மாரி தொடங்கினால் அதுவும் இல்லை. இப்போது இடுப்பு நோவும் வந்துவிட்டது. மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த 3 இலட்சம் ரூபா இருக்கிறது. அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி அரை ஏக்கரும் உண்டு. ஒரு நாளைக்கு 3 வீதம் தருகிற ஆப் ஒன்றில் போடச் சொல்லிக் கூட்டாளி கரைச்சல்படுத்துகிறான். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அந்த ஆப்பில் ஒரு சதமும் போடாதீர்கள். நாளுக்கு 3 வீதம் என்றால் மாதத்துக்கு 90 வீதம். எந்த நேர்மையான தொழிலும் அப்படித் தராது. பின்னால் சேருபவரின் காசைத்தான் முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுப்பார்கள். இலங்கையில் பிரமிட் திட்டம் நடத்துவது சட்டப்படி குற்றம். உங்கள் மனைவி வாரம் வாரம் மிச்சம் பிடித்த காசு அது.

வங்கியில் போட்டால்? 8 வீத வட்டி என்று வைத்தாலும் 3 இலட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாதான். அதிலும் 10 வீத வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் பிரகடனம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது வைப்புக் காசின் பெறுமதி எப்படிக் கரைந்தது என்று எல்லாரும் கண்டோம். ஆனாலும் 1 இலட்சத்தை வங்கியில்தான் வையுங்கள். அது மாரிக்கு. நவம்பர் முதல் ஜனவரி வரை வேலை இல்லாதபோது நகையை அடகு வைக்காமல் சமாளிக்க அந்தக் காசு வேண்டும்.

மிச்சத்தில் பெரும்பங்கை உங்களுக்குத் தெரிந்த சாமானிலேயே போடச் சொல்வேன். மேசன் என்றதும் பலர் கொங்கிரீட் மிக்சர் வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மிக்சர் ஒரு நாள் ஓடும், பிறகு சும்மா நிற்கும். எண்ணெய், ஆள், திருத்தம் என்று கூடவே செலவும் வரும். பிளேட்டுக்கு, அதாவது கொங்கிரீட் தட்டுக்கு, அடியில் தாங்கக் கொடுக்கும் இரும்பு முட்டு அப்படியல்ல. கொங்கிரீட் போட்ட பிறகு இரண்டு மூன்று கிழமை அது அந்த வீட்டிலேயே நிற்கும். நீங்கள் வேறு இடத்தில் வேலை செய்தாலும், வீட்டில் படுத்திருந்தாலும் நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பழைய முட்டு வாங்கினால் ஒவ்வொன்றையும் நிலத்தில் உருட்டிப் பாருங்கள். வளைந்தது நேராக உருளாது. உள் குழாயின் ஓட்டைகள் நீண்டிருந்தாலும், திருகும் புரி தேய்ந்திருந்தாலும் ஒதுக்குங்கள். உங்கள் முட்டின் மேல்தான் இன்னொருவரின் பிளேட் நிற்கப்போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் பெயின்ட் பூசி, முற்பணம் வாங்கி, எண்ணி எழுதிக் கொடுங்கள். தெரிந்தவர் என்று எழுதாமல் விட்டால் பத்துக் கொடுத்தது எட்டாகத்தான் திரும்பும்.

ஒரே கொந்தராத்துக்காரரிடம் தொடர்ந்து வேலை செய்கிறீர்களா? அப்படியென்றால் ஊழியர் சேமலாப நிதி நாட்சம்பளக்காரருக்கும் உண்டு. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், அவர் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம் அவர் கட்டவேண்டும். கேட்கத் தயங்கிய எத்தனையோ மேசன்மார் முப்பது வருடம் வீடு கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள். நினைத்தாலே மனம் நோகிறது. கட்ட மறுத்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

காணியில் அறை கட்டி உல்லாசப் பயணிகளுக்கு விடலாம் என்ற எண்ணமும் வரக்கூடும். எங்கள் கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். 2019, 2020, 2022 எல்லாம் பூட்டுப் போட்ட ஆண்டுகள். அறை கட்டுவதானால் மாற்றலாகி வரும் ஆசிரியர், உத்தியோகத்தருக்கு மாத வாடகைக்கு விடும் நோக்கத்தில் கட்டுங்கள். அதற்கு முன் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்ற பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் அதே நாளில் பாருங்கள்.

அறைக்குக் காசு சேரும்வரை தென்னை வையுங்கள். 26 அடி இடைவெளியில் அரை ஏக்கருக்குச் சுமார் 30 கன்று போதும். மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பொச்சு மட்டையை நார்ப்பக்கம் மேலாக இரண்டு வரிசை அடுக்குங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும், அப்போது உங்களுக்கு 45 வயது. முதல் இரண்டு மூன்று கச்சான் காலம், அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் காலம்தான் கண்டம். அந்தக் காற்றில் தண்ணீர் தவறினால் கன்று கருகிவிடும்.

குழியை இந்தப் புரட்டாதிக்குள் வெட்டுங்கள், மழை விழுந்ததும் நடலாம். இடுப்பு நோவோடு நீங்கள் வெட்டவேண்டாம், ஆள் பிடியுங்கள். கன்று வாங்குவதற்கு முன் வேலியை அடையுங்கள், நிலாவெளியில் கட்டாக்காலி மாடு ஒரு இரவில் முப்பதையும் தின்றுவிடும்.